கேங்ஸ் ஆஃப் வாசேபூர் இப்போதுதான் பார்த்தேன்: பழிவாங்கும் படம் என்றார்கள், பாதித் துப்பாக்கி வெடிக்கவே இல்லையே!

தேனிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் தொடங்கும் முதல் இழை இது. இந்திப் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, மொழியும் தெரியாது. கூட வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர் ஒருவர் விடாமல் நச்சரித்ததால் சப்டைட்டில் தயவில் இரண்டு பாகத்தையும் பார்த்து முடித்தேன். ஐந்தேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

"ரத்தம் தெறிக்கும் பழிவாங்கல் படம்" என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார். ரத்தம் தெறிக்கிறது, அதில் குறையில்லை. முதல் காட்சியிலேயே டிவியில் மாமியார் மருமகள் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கும்பல் வந்து தெருவையே சல்லடையாக்குகிறது. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று புரிவதற்குள் கதை 1940களுக்குப் போய்விடுகிறது. அந்த இரவுக்குத் திரும்பி வர இரண்டாம் பாகம் வரை காத்திருக்க வேண்டும்.

சரி, பழிவாங்கலுக்கு வருவோம். அப்பா ஷாஹித் கானைக் கொல்ல ஏற்பாடு செய்தவன் ராமாதீர் சிங். அவனைப் பழிவாங்கும் வரை தலையில் முடி வளர விடமாட்டேன் என்று மகன் சர்தார் கான் மொட்டை அடித்துக்கொள்கிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அவன் என்ன செய்கிறான்? ஒரு கல்யாணம் செய்கிறான். அது போதாமல் இன்னொன்று. வரிசையாகப் பிள்ளைகள். மீன் குளத்தில் மாமூல், பழைய இரும்பில் காசு. ராமாதீர் அதே ஊரில் அரசியல்வாதியாகச் சௌகரியமாக இருக்கிறான். அவனை ஒரேயடியாகக் கொல்ல மாட்டேன், சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பேன் என்று இவன் வீரம் பேசுகிறான். கடைசியில் பெட்ரோல் பங்கில் சுடப்பட்டுச் சாவது இவன்தான். முதல் பாகம் அத்தோடு முடிந்துவிட்டது!

இரண்டாம் பாகத்தில் சர்தாரின் மகன்களில் ஒருவனான டெஃபினிட் ஒருவனைக் கொல்லப் போகிறான், துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. தப்பி ஓடி ஒரு ரயிலில் ஏறினால் பெட்டி முழுக்க ராணுவத்தினர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு கொலைகாரனைப் பார்த்து இப்படிச் சிரிக்கலாமா என்று பிறகுதான் தோன்றியது. அந்த இடத்தில்தான் படம் என்னைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

எல்லோரும் கொண்டாடும் இந்தப் படத்தை நான் சரியாகத்தான் பார்த்தேனா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

----

இரவுக்காட்சி எழுதியது:

வாங்க தேனிக்காரரே. முதல் இழையிலேயே ஐந்து மணி நேரப் படத்தோடு வந்திருக்கிறீர்கள்.

தேனிக்காரர் இந்தப் படத்துக்குப் புதியவர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டைட்டிலில் நன்றி அறிவிப்பு ஓடும், கவனித்தீர்களா? பாலா, அமீர், சசிகுமார் என்று நம் ஆட்கள் மூவர் பெயரை மதுரையோடு சேர்த்துப் போட்டு, வேர்களைத் தேடிப் போகத் தூண்டியவர்கள் என்று இயக்குநர் அனுராக் காஷ்யப் நன்றி சொல்லியிருப்பார். 2008இல் வந்த சுப்பிரமணியபுரம்தான் தனக்குத் தூண்டுதல் என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். உங்கள் ஊரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் நடந்த கதை ஜார்க்கண்டின் தன்பாத் போய் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

இன்னும் இரண்டு தகவல். பின்னணி இசை நம்ம ஜி.வி. பிரகாஷ் குமார். சர்தாரின் இரண்டாவது மனைவி துர்காவாக வருபவர் மின்னலே ரீமா சென். அடையாளம் தெரிந்ததா?

படம் 2012இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட் பிரிவில் ஒரே படமாகத் திரையிடப்பட்டது. இங்கே ஐந்து மணி நேரத்துக்கு எந்தத் தியேட்டர்காரர் ஒத்துக்கொள்வார்? ஜூன் 22, ஆகஸ்ட் 8 என்று இரண்டாக வெட்டி வெளியிட்டார்கள். முதல் பாகம் சர்தாரின் சாவோடு நிற்பதால் ஏமாற்றமாக இருக்கிறது. ஒரே மூச்சில் பார்த்தால் அது பாதிவழிதான்.

----

தேனிக்காரன் எழுதியது:

ரீமா சென் என்று பெயர் பார்த்த பிறகுதான் தெரிந்தது அண்ணே. நன்றி அறிவிப்பு ஓடியபோது சப்டைட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. இன்னொரு முறை பார்க்கிறேன்.

சுப்பிரமணியபுரத்தோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. அங்கே ஒரு துரோகம் நடந்தால் கதை நேராக முடிவை நோக்கி ஓடும், மூச்சு விட நேரம் கிடைக்காது. இங்கே துரோகத்துக்குப் பிறகு கல்யாண விருந்தே நடக்கிறது.

----

சந்தனமுல்லை எழுதியது:

எனக்கு இந்தப் படத்தோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, தீர்த்துக்கொள்கிறேன்.

வன்முறையைக் கிண்டல் செய்கிறது, ஆண்களின் வீம்பைத் தோலுரிக்கிறது என்று விமர்சனங்கள் சொல்லும். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தியேட்டரில் என்ன நடந்தது? சர்தாரின் இரண்டாவது மகன் ஃபைசல் தன் அம்மா நக்மாவிடம் அப்பா, தாத்தா, அண்ணன் எல்லாருக்கும் சேர்த்துப் பழிவாங்குவேன் என்று சொல்லும் இடத்தில் விசில். அந்த வசனம் இன்றுவரை மீம்ஸில் ஓடுகிறது. அந்தக் காட்சியில் நக்மா எப்படி இருக்கிறாள் என்று யாராவது பார்த்தார்களா? கணவன் போய்விட்டான், மூத்த மகன் டானிஷ் போய்விட்டான், மிச்சமிருப்பவன் கஞ்சா மயக்கத்தில் கிடக்கிறான். பழிவாங்கு என்று பிள்ளையைத் தூண்டிவிடும் நிலைக்கு ஒரு தாய் வந்துவிட்டாள். விசில் அடிக்க அதில் என்ன இருக்கிறது?

தன் நண்பன் ஃபஸ்லுவின் கழுத்தை ஃபைசல் அறுக்கும் காட்சியில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவ்வளவு நேரம் காட்டியதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. கூடவே உட்கார்ந்து புகைத்தவனை அறுக்கிறான் என்ற அதிர்ச்சி முதல் நொடியிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெறும் காட்சி இன்பம்.

ரிச்சா சட்டாவின் நக்மாவை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. வேறு பெண்களிடம் போகும் புருஷனுக்குச் சோறு போட்டு, நன்றாகச் சாப்பிடு, வெளியே போய் மானத்தை வாங்காதே என்கிறாளே, அந்த ஒரு காட்சியில் இருக்கும் கசப்பும் நக்கலும் முழு இரண்டாம் பாகத்தில் இல்லை.

----

பழைய_புரொஜக்டர் எழுதியது:

சந்தனமுல்லை அம்மா, விசிலுக்கும் பதில் படத்திலேயே இருக்கிறது. ராமாதீர் சிங் (நடித்தவர் இயக்குநர் திக்மான்ஷு தூலியா) தன் நீண்ட ஆயுளின் ரகசியத்தைச் சொல்வார்: நான் சினிமா பார்ப்பதில்லை. இங்கே ஒவ்வொரு பயலும் தன் தலைக்குள் ஒரு படம் ஓட்டி அதில் தானே ஹீரோ என்று நினைத்துக்கொள்கிறான்; இந்த நாட்டில் சினிமா இருக்கும் வரை மக்கள் ஏமாந்துகொண்டேதான் இருப்பார்கள் என்பது அவர் கட்சி.

இனி ஃபைசலைப் பாருங்கள். கஞ்சா, அமிதாப் பச்சன், இரண்டும்தான் அவன் உலகம். அமிதாப்பும் சசி கபூரும் அண்ணன் தம்பியாக நடித்த திரிசூல் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் அமிதாப் நான்தான் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் நான் சசி கபூர் என்று நொந்துகொள்வான். அப்படிப்பட்டவன் தன்னை அமிதாப்பாக நிரூபிக்கக் கிளம்புவதுதான் இரண்டாம் பாகம். தியேட்டரில் விசில் அடித்தவனும் ஃபைசலும் ஒரே ரகம் என்று படம் முகத்துக்கு நேரே சொல்கிறது. விசில் அடித்தவனுக்கு அது கேட்கவில்லை என்றால் இயக்குநர் என்ன செய்வார்?

----

சந்தனமுல்லை எழுதியது:

படத்தின் கடைசிக் கட்டத்தில் ராமாதீரை மருத்துவமனைக் கழிப்பறையில் வைத்து ஃபைசல் சுடுகிறான். செத்த பிறகும் சுடுகிறான். தோட்டா தீர்ந்தால் நிரப்பிக்கொண்டு மறுபடி சுடுகிறான். பாட்டு வேறு. அங்கே கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது சார்? ராமாதீர் சொன்ன "தலைக்குள் ஓடும் சினிமா"வை இயக்குநரே கோடிகள் போட்டு எடுத்துக் காட்டுகிறார். திட்டிக்கொண்டே விருந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்காது.

----

பழைய_புரொஜக்டர் எழுதியது:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தக் காட்சி நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபைசலாக நடித்த நவாசுத்தீனின் முகத்தில் எனக்கு வெற்றி தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் நடுவர் குழு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தபோது கணக்கில் எடுத்த படங்களில் இதுவும் ஒன்று. காதலி மோசினாவின் கையை அனுமதி கேட்காமல் தொட்டதற்குத் திட்டு வாங்கிக் கண் கலங்குகிற அதே முகம் அது.

----

சுரங்கப்பாதை எழுதியது:

நான் தன்பாத்தில் படித்தவன், பிறகு சில காலம் அந்தப் பக்கம் வேலையும் பார்த்தேன். இங்கே யாரும் நிலக்கரியைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நுழைகிறேன்.

வாசேபூர் தன்பாத் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. படத்தின் கதைக்காரர் ஜீஷான் காத்ரி அந்த ஊர்ப் பிள்ளை, டெஃபினிட்டாக நடித்தவரும் அவரே. ஆனால் படப்பிடிப்பில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில் சுனார், வாரணாசி பக்கம் நடந்தது. அதனால் நான் பார்த்த தன்பாத்தின் நிறம் படத்தில் முழுதாக வரவில்லை. அந்த ஊர்க் காற்றில் எப்போதும் ஒரு கந்தக நெடி இருக்கும். பக்கத்தில் ஜரியாவில் பூமிக்கு அடியில் 1916 முதல் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. சாலை ஓரத்து விரிசலில் புகை வரும், அதன் பக்கத்திலேயே குடியிருப்பும் இருக்கும்.

படத்தின் முதல் ஒரு மணி நேரம்தான் எனக்குப் பொக்கிஷம். சுரங்கத்தில் ஷாஹித் கானை வெளியே விடாத அடியாள், அதனால் பிரசவத்தில் சாகும் மனைவி, பிறகு முதலாளிக்கே அடியாளாக மாறும் ஷாஹித். கூலிக்காரனை அடிக்கக் கூலிக்காரனையே வைத்துக்கொள்ளும் முறை அது. பழிவாங்கும் கதைக்கு அடியில் இருக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று படம் அங்கே காட்டிவிடுகிறது.

இரும்பு உருக்கப் பயன்படும் கோக் நிலக்கரிச் சுரங்கங்களை அரசு 1971 அக்டோபரில் தன் நிர்வாகத்தில் எடுத்து, 1972 மே மாதம் தேசியமயமாக்கியது. மற்றவை 1973இல் வந்தன. தன்பாத்தில் பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் உருவானது. தனியார் முதலாளிகள் போனதும் அடியாட்கள் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தார்களா என்றால் இல்லை. தொழிற்சங்கம், ஆள் பிடிக்கும் ஒப்பந்தம், லாரி லோடிங், தொழிலாளிக்கு வட்டிக்குக் கொடுப்பது என்று புது வாசல்கள் திறந்தன. நிலக்கரி எடுத்த வெற்றிடத்தில் மணலும் தண்ணீரும் கலந்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் மேலே நிலம் இறங்கும். மணலை நிரப்பாமலே நிரப்பியதாகக் கணக்கு எழுதுவதுதான் அங்கே பலரைப் பணக்காரர்களாக்கியது. யாரும் இறங்கிப் பார்க்க முடியாத இடத்து வேலைக்கு பில் போடுவதைவிட வசதியான தொழில் உண்டா?

என் குறை, படம் போகப் போகச் சுரங்கத்தை மறந்துவிடுகிறது. பழைய இரும்பு, ரயில்வே ஏலம், தேர்தல் என்று போய்விடுகிறது. 1975 டிசம்பர் 27 அன்று அதே தன்பாத் மாவட்டத்துச் சாஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் இறந்தார்கள். படம் கடந்து போகும் காலம்தான் அது. அந்த மண்ணில் துப்பாக்கியால் செத்தவர்களைப் பற்றி மட்டும் ஐந்து மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

----

கொத்தமங்கலம்_குமரன் எழுதியது:

எந்தப் பாகத்தை முதலில் பார்க்க வேண்டும்? குடும்பத்தோடு பார்க்கலாமா?

----

இரவுக்காட்சி எழுதியது:

முதல் பாகத்தை முதலில் பாருங்கள் குமரன். குடும்பத்தோடு வேண்டவே வேண்டாம். 'ஏ' சான்றிதழ் படம், கெட்ட வார்த்தை மூச்சுக்கு மூச்சு வரும். கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வம்சாவளி எழுதிக்கொள்ளுங்கள், கான் குடும்பம் யார், எதிரிகளான குரேஷிகள் யார் என்று பாதியில் குழம்பாமல் இருக்க உதவும்.

----

தேனிக்காரன் எழுதியது:

சுரங்கப்பாதை சார், உங்கள் பதிவைப் படித்த பிறகு முதல் பாகத்தின் தொடக்கத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். குடை! ஷாஹித் தன் ஆளோடு தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஒருநாள் இந்தச் சுரங்கமெல்லாம் என்னுடையதாகும் என்கிறான். வாசலில் ராமாதீரின் குடை நிற்பதை ஷாஹித்தின் உறவினன் நாசிர் பார்க்கிறான். ஐம்பது ஆண்டுக் கொலைகளுக்கு விதை அந்தக் குடைதான். யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை, குடும்ப கௌரவம் என்ற பேச்சே இல்லை. ஒரு முதலாளி தன் சொத்துக்கு ஆபத்து வருவதைக் காதில் கேட்டுவிட்டார். நீங்கள் சொன்ன காசு அங்கேதான் இருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் அதற்கு ரத்தம், பரம்பரை, சபதம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாரணாசியில் ஷாஹித்தைக் கொன்றது யாதவ். பிற்காலத்தில் அதே யாதவ் ஃபைசலுக்குத் துப்பாக்கி விற்கிறான், அவனை போலீசிலும் மாட்டிவிடுகிறான். சிறையிலிருந்து வந்த ஃபைசல் யாதவைக் கொல்கிறான். தாத்தாவைக் கொன்ற கையைப் பேரன் வெட்டிவிட்டான் என்று வேறு படமாக இருந்தால் மேளம் கொட்டியிருப்பார்கள். இங்கே காட்டிக்கொடுத்த ஆத்திரத்தில் நடந்த கொலை அது, தாத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தில் நடந்த ஒரே உருப்படியான பழிவாங்கல் தற்செயலாக நடந்திருக்கிறது.

சந்தனமுல்லை அக்கா சொன்ன வன்முறை பற்றி. எனக்கும் ஃபஸ்லு காட்சியில் வயிற்றைப் புரட்டியது, ஒலியைக் குறைத்துவிட்டேன். ஆனால் நான் வளர்ந்த படங்களில் ஹீரோ அடித்தால் பத்துப் பேர் பறப்பார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது, பாப்கார்ன் சாப்பிடுவேன். இங்கே ஒருவன் சாக நேரம் எடுக்கிறது. கொல்பவன் வழுக்கி விழுகிறான், கை நடுங்குகிறது. அதனால்தான் வலித்தது என்று நினைக்கிறேன். மருத்துவமனைக் காட்சி பற்றி மட்டும் அக்கா பக்கம்தான் நான். அங்கே யாருக்கும் கை நடுங்கவில்லை.

----

தம்புரா எழுதியது:

பாட்டு பற்றி யாரும் பேசாததைக் கண்டிக்கிறேன்!

ஸ்னேகா கான்வல்கர் என்ற பெண் இசையமைப்பாளர் பீகார் கிராமங்களில் சுற்றி, ஊர்க் குரல்களைப் பிடித்து வந்து கொடுத்த இசை இது. 'ஓ வுமனியா' பாடலைப் பாடியவர்கள் பாட்னா பக்கத்துப் பெண்கள், பம்பாய் ஸ்டுடியோப் பாடகிகள் இல்லை. 'ஹன்டர்' பாட்டுக்காக டிரினிடாட் வரை போனார். அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிய போஜ்புரி மக்களின் பேரப்பிள்ளைகள் பாடும் சட்னி இசை அது. கூலிக்குப் போனவர்களின் இசை கூலிகளின் கதைக்குத் திரும்பி வருகிறது. வருண் குரோவரின் வரிகள் தெரியாத மொழியிலும் சிரிக்க வைக்கும்.

சர்தார் குண்டடிபட்டு வெளியே தள்ளாடி வந்து ஒரு தள்ளுவண்டியில் சாயும் காட்சியில் மனோஜ் திவாரியின் 'ஜியா ஹோ பிஹார் கே லாலா' வருகிறது. வாழ்க பிள்ளாய் என்று வாழ்த்திக் கொண்டாடும் பாட்டை ஒருவன் சாகும்போது போட்டிருக்கிறார்கள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே பாடகன் வந்து சினிமாப் பாட்டைப் பாடுவதும் உண்டு. யஷ்பால் சர்மா அந்த வேடத்தில் பின்னிப் பெடலெடுத்திருப்பார். இழவு வீட்டில் ஒருவன் மைக் பிடித்து உருகி உருகிப் பாடுகிறான், எல்லோரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஃபைசல் எங்கிருந்து அமிதாப் ஆனான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

----

சுரங்கப்பாதை எழுதியது:

தம்புரா, சைக்கிளில் கரி மூட்டை தள்ளிக்கொண்டு போகிறவர்கள் போனில் அந்த மாதிரிப் பாட்டுகள்தான் ஓடும். இரண்டு மூன்று குவிண்டால் ஏற்றி மேட்டில் தள்ளுவார்கள். சைக்கிளில் மிதிகட்டையே இருக்காது, தேவையும் இல்லை.

தேனிக்காரர் குடையைப் பிடித்தது நல்ல பார்வை. ஆனால் இன்னும் ஒரு படி போகலாம். கடைசியில் ஜெயித்தது யார்? ஃபைசல் ராமாதீரைக் கொன்றான். போலீஸ் வண்டியில் போகும் வழியில் டெஃபினிட் ஃபைசலைச் சுட்டுவிட்டான். டெஃபினிட் யார்? துர்காவின் மகன், ஃபைசலுக்கு மாற்றாந்தாய்த் தம்பி. அவனோடு பேரம் பேசியது ராமாதீரின் சொந்த மகன் ஜே.பி. சிங். அப்பன் செத்ததில் அவனுக்கு ஒரு வருத்தமும் தெரியவில்லை.

----

சந்தனமுல்லை எழுதியது:

அந்தத் துர்காவைப் பற்றி இப்போதாவது பேசினீர்களே. சர்தார் பாதுகாப்பு இல்லாமல் கிளம்புகிறான் என்று குரேஷிகளுக்குத் துப்புக் கொடுத்தது அவள். அவள் பெற்ற மகன் கடைசியில் நக்மாவின் மகனைக் கொல்கிறான். அதிகம் வசனம் இல்லாத ஒருத்தி இரண்டு பாகத்தையும் முடித்து வைக்கிறாள். ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சபதம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் ஒரு போன் செய்தாள். ரீமா சென்னுக்கு இன்னும் நான்கு காட்சி கொடுத்திருந்தால் இந்தப் படத்தோடு என் கணக்கை முடித்துக்கொண்டிருப்பேன்.

----

பழைய_புரொஜக்டர் எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆனால் டெஃபினிட் அம்மாவுக்காகச் செய்தான் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனும் சினிமாப் பைத்தியம்தான், வேறு ஹீரோ, அவ்வளவே.

----

கொத்தமங்கலம்_குமரன் எழுதியது:

முதல் பாகம் பாதி வரை வந்திருக்கிறேன். வம்சாவளி எழுதிய தாளில் இடம் போதவில்லை. சர்தாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது சொல்லிவிடுங்கள், முடிவை மட்டும் சொல்லாதீர்கள்.

----

தேனிக்காரன் எழுதியது:

அண்ணே, மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் நேராகக் கீழே வந்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். நக்மாவுக்கு டானிஷ், ஃபைசல், பெர்பெண்டிகுலர். துர்காவுக்கு டெஃபினிட். இந்த நாலு பேரை எழுதிக்கொண்டால் போதும், மீதியைப் படம் பார்த்துக்கொள்ளும்.